12,350 ரூபாய் செலவு, 20 வேளை பட்டினி: சென்னையில் வெளியில் சாப்பிடும் நம்ம பசங்களுக்கு ஒரு கணக்கு



சம்பளம் ஏன் பதினைஞ்சாம் தேதியே காலியாகுதுன்னு சேனல்ல ஒரு வீடியோ போட்டிருந்தேன். அதுக்குக் கீழ நிறைய பேர் எழுதியிருந்தது சாப்பாட்டைப் பத்தித்தான். "சார், சென்னைல தனியா இருக்கேன். ரூம்ல சமைக்க விட மாட்டாங்க. வெளிய சாப்பிட்டே பணம் கரையுது. என்ன பண்றது?" இதையே ஆளுக்கு ஒரு விதமா கேட்டிருந்தீங்க. இதுக்குக் கணக்கு கொஞ்சம் போட்டுக் காட்டணும், நீங்களும் நிறுத்தி நிதானமா படிக்கணும். அதனாலதான் வீடியோவா போடாம எழுதுறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பெரிய ஊர்ல சாப்பாட்டுச் செலவைக் குறைக்க ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட விட வேண்டியதில்ல. சொல்லப் போனா, வேளையை விடுறதாலதான் செலவே ஏறுது. "டீ, காபியை நிறுத்துங்க, கோடீஸ்வரன் ஆகுங்க" மாதிரி வீடியோக்கள்ல எனக்கு நம்பிக்கை இல்ல. ஏன்னு கேட்டா, ஒரு உண்மைக் கணக்கைக் காட்டுறேன்.

தம்பியோட மூணு மாச ஸ்டேட்மெண்ட்

எங்க சித்தி பையன் ஒருத்தன். உசிலம்பட்டி பக்கம். மதுரைல இன்ஜினியரிங் முடிச்சிட்டு சென்னை ஓ.எம்.ஆர்.ல வேலை. கைக்கு வர்றது 38,000. லீவுக்கு ஊருக்கு வந்தவன் சிம்மக்கல்ல இருக்கற என் ஆபீஸுக்கு வந்தான்.

"அண்ணே, எஸ்.ஐ.பி. ஒண்ணு ஆரம்பிக்கணும்ணே. மாசம் ரெண்டாயிரமாச்சும் போடணும்."

"போட வேண்டியதுதானடா?"

"கையில நிக்க மாட்டேங்குதுண்ணே. நான் ஒண்ணும் ஆடம்பரமா இல்ல. பைக் இல்ல, சிகரெட் இல்ல. ஆனா இருபதாம் தேதி வந்தா அம்மாகிட்ட கேக்க வேண்டியிருக்கு."

சரி, யூ.பி.ஐ., பேங்க் ஸ்டேட்மெண்ட் மூணு மாசத்துக்கு எடுத்து அனுப்புன்னு சொன்னேன். அவன் அனுமதியோட, பேரைச் சொல்லாம, அதுல ஒரு மாசத்தை இங்க போடுறேன்.

- டெலிவரி ஆப்: 17 ஆர்டர், 4,930 ரூபாய்
- வாரக் கடைசியில நண்பர்களோட ஓட்டல்: 4 தடவை, 2,900 ரூபாய்
- காபி, ஜூஸ், பப்ஸ்: 1,650 ரூபாய்
- மெஸ், டிபன் கடை, கையேந்தி பவன்: 41 தடவை, 2,870 ரூபாய்

மொத்தம் 12,350 ரூபாய்.

இதோட முடியல. அவன் இருக்கற பி.ஜி.ல சாப்பாடு உள்பட மாசம் 9,500. சாப்பாடு வேண்டாம்னா 7,000. அதாவது காலை, ராத்திரி ரெண்டு வேளைக்கும் சேர்த்து 2,500 ரூபாய் முன்கூட்டியே கட்டிட்டான். அதையும் சேர்த்தா 14,850. கைக்கு வர்ற சம்பளத்துல இது 39 சதவீதம்.

நான் ஆடிட்டர் ஆச்சே, தொகையோட விடல. வேளையை எண்ணினேன். 30 நாளுக்கு 90 வேளை. ஆப், ஓட்டல், மெஸ் எல்லாம் சேர்த்து 62 வேளைதான் வருது.

"மீதி 28 வேளை என்னடா ஆச்சு?"

"பி.ஜி.ல ஒரு எட்டு வேளை சாப்பிட்டிருப்பேன்ணே."

"மீதி 20?"

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "காலைல சாப்பிடறதில்லண்ணே. எந்திரிக்க லேட் ஆயிடும்."

14,850 ரூபாய் செலவு பண்ணிட்டு பையன் 20 வேளை பட்டினி. இந்த இடத்துலதான் எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. சித்தி இங்க உசிலம்பட்டில "பிள்ளை சென்னைல நல்லா சாப்பிடுறான், சாப்பாட்டுக்கே நிறைய ஆகுதாம்"னு நினைச்சுக்கிட்டு மாசக் கடைசில ஆயிரம், ரெண்டாயிரம் அனுப்பிக்கிட்டிருக்காங்க.

இன்னொரு கணக்கு பாருங்க. பி.ஜி. சாப்பாட்டுக்கு 2,500 கட்டி, சாப்பிட்டது எட்டே வேளை. ஒரு வேளை 312 ரூபாய். நல்ல ஏ.சி. ஓட்டல்லயே அந்தக் காசுக்கு திருப்தியா சாப்பிடலாம்.

தூங்கா நகரத்துப் பழக்கம்

அந்த 17 ஆர்டர்லயும் நேரத்தைப் பார்த்தேன். மூணைத் தவிர எல்லாமே ராத்திரி 9.30-க்கு மேல. இதுல எனக்கு ஆச்சரியம் இல்ல. நாம எல்லாருமே அப்படி வளர்ந்தவங்கதான்.

மதுரைல ராத்திரி பதினோரு மணிக்குப் பசிச்சா என்ன பண்ணுவோம்? கீழ இறங்கி நடப்போம். மாசி வீதிப் பக்கம் ஆவி பறக்க இட்லி, நாலு வகை சட்னி. கோரிப்பாளையம் பக்கம் போனா கல்லுல பரோட்டா தட்டுற சத்தம். மாட்டுத்தாவணில பஸ்ஸுக்கு நிக்கிறவனுக்கு எந்த நேரமும் ஏதாவது ஒரு கடை உண்டு. அண்ணா பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ராமு தாத்தா கடைசி வரைக்கும் 10 ரூபாய்க்குச் சாப்பாடு போட்டாரு. 2020-ல அவர் இறந்தப்போ ஊரே வருத்தப்பட்டுச்சு. இப்படிப்பட்ட ஊர்ல வளர்ந்ததால, "சாப்பாடு எப்ப வேணா, எங்க வேணா, கம்மி காசுல கிடைக்கும்"ங்கறது நம்ம மனசுல பதிஞ்சு போச்சு. பசிச்ச பிறகு யோசிச்சாப் போதும்னு பழகிட்டோம்.

அதே பழக்கத்தை ஓ.எம்.ஆர்.ல வச்சுக்கிட்டா என்ன ஆகும்? ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்கு வர்றப்ப ராத்திரி பத்து. பி.ஜி.ல சாப்பாட்டை மூடிட்டாங்க. தம்பி இருக்கற தெருவுல அந்த நேரத்துக்குத் திறந்திருக்கற டிபன் கடை ஒண்ணுகூட இல்ல. காலைலயும் சாப்பிடல, மத்தியானம் அவசரமா ஒரு வெரைட்டி ரைஸ். பசி கண்ணை மறைக்குது. கைல போன் இருக்கு. அந்த நேரத்துல விலை யார் கண்ணுக்குத் தெரியும்? படம்தான் தெரியும்.

அதனாலதான் சொல்றேன், அவன் பிரச்சினை நாக்கு ருசி இல்ல. காலைல விட்ட 30 ரூபாய் இட்லியை ராத்திரி 290 ரூபாய் ஆர்டரா வட்டியோட கட்டிக்கிட்டிருந்தான்.

ஒரு பிரியாணி, ரெண்டு பில்

அவன் ஒரு நாள் வாங்கின பிரியாணியோட ஆப் பில்லை எடுத்தோம். அதே கடையில நேர்ல என்ன விலைன்னு அடுத்த தடவை அந்தப் பக்கம் போறப்ப மெனு கார்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.

ஆப்ல: பிரியாணி 220, பேக்கிங் 10. ரெண்டுக்கும் சேர்த்து 5 சதவீத ஜி.எஸ்.டி. 11.50. டெலிவரி கட்டணம் 35, பிளாட்பார்ம் கட்டணம் 12. அந்த 47 ரூபாய்க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 8.46. மொத்தம் 297 ரூபாய்.

கடையில: பிரியாணி 180, ஜி.எஸ்.டி. 9. மொத்தம் 189 ரூபாய்.

வித்தியாசம் 108 ரூபாய். அந்த 108 ரூபாய்ல ஒரு துண்டு கறிகூட கூடுதலா வராது.

இதுல வரி விஷயம் ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. 2022 ஜனவரி 1 முதல், ஆப் வழியா வாங்குற ஓட்டல் சாப்பாட்டுக்கான 5 சதவீத ஜி.எஸ்.டி.யை அரசுக்குக் கட்ட வேண்டியது ஆப் கம்பெனிதான். அதனால நேர்ல போனா வரி வாங்காத சின்னக் கடையா இருந்தாலும், ஆப்ல வாங்கினா வரி வரும். 2025 செப்டம்பர் 22-லிருந்து டெலிவரி கட்டணத்துக்கும் 18 சதவீதம். இது யாரும் ஏமாத்துறது இல்ல, சட்டம் அப்படி. வெயில்ல, மழைல வண்டி ஓட்டி வர்றவருக்கும் கூலி வேணும்ல. உடம்பு சரியில்லாத அன்னிக்கு இந்த 108 ரூபாய் நியாயமான செலவு. மாசத்துல 17 நாள் அது நியாயமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

தம்பி இந்த ஆர்டர்ல பாதியை "பிறகு கட்டலாம்"ங்கற கடன் வசதில வாங்கியிருந்தான். ஒரு மாசம் தவணை தவறி அபராதமும் கட்டியிருந்தான். வீட்டுக்கடனுக்கு வட்டி கட்டுங்க, படிப்புக் கடனுக்குக் கட்டுங்க. ஜீரணமாகிப்போன பிரியாணிக்கு வட்டி கட்டாதீங்க. அந்த வசதியை இன்னிக்கே ஆப்ல இருந்து எடுத்துடுங்க.

நான் மிச்சம் பிடிச்ச லட்சணம்

"அப்போ ராத்திரி சாப்பாட்டை விட்டுட்டா மாசம் 5,000 மிச்சம்தானே?"ன்னு ஒருத்தர் கமெண்ட் போட்டிருந்தார். அவருக்காக என் கதை.

2010-லிருந்து 2013 வரைக்கும் சென்னைல ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணேன். திருவல்லிக்கேணில ஒரு மேன்ஷன். ஒரு ரூம்ல மூணு பேர். ஸ்டைபண்ட் மாசம் 1,500 ரூபாய். மீதிக்கு அப்பாதான். அவர் எவ்வளவு சிரமப்பட்டு அனுப்புறார்னு எனக்குத் தெரியும். அதனால நானா ஒரு பெரிய திட்டம் போட்டேன்: ராத்திரி சாப்பாட்டை நிறுத்திட்டு ஒரு டீ, ஒரு பன். நாளுக்கு 25 ரூபாய் மிச்சம். நாலு மாசத்துல 3,000 ரூபாய். நோட்டுல எழுதி வச்சுப் பெருமையா பார்ப்பேன்.

2012 அக்டோபர். நவம்பர்ல பைனல் பரீட்சை. ஒரு நாள் மேன்ஷன் படிக்கட்டுல மயங்கி விழுந்தேன். வயித்துப் புண். ரெண்டு நாள் ஆஸ்பத்திரி. அப்பா செய்தி கேட்டு ராத்திரியோட ராத்திரியா பஸ் ஏறி வந்தார். பில் 9,000 ரூபாய்க்கு மேல. அதை அவர் யார்கிட்டயோ கைமாத்து வாங்கிட்டு வந்திருந்தார். எனக்கு அந்த அட்டெம்ப்ட் போச்சு. அடுத்த பரீட்சை மே மாசம். ஆறு மாச வாழ்க்கை போச்சு.

மிச்சம் 3,000. செலவு 9,000, ஆறு மாசம், அப்பாவுக்கு ஒரு கடன். இந்த பேலன்ஸ் ஷீட்டை நான் யாருக்கும் காட்டினதில்ல. இப்போ காட்டுறேன். பட்டினி சேமிப்பு கிடையாது. அது உடம்புகிட்ட வாங்குற கடன். எப்ப வசூலுக்கு வரும்னு மட்டும் நமக்குத் தெரியாது.

அம்மா உணவகத்துல நாம சாப்பிடலாமா?

எனக்கு உடம்பு தேறின சமயம், 2013 பிப்ரவரில சென்னைல அம்மா உணவகம் ஆரம்பிச்சாங்க. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. முதல் நாலஞ்சு நாள் அந்த வழியா போயிட்டு போயிட்டு வந்தேன், உள்ள போகல. இன் பண்ணின சட்டை, கழுத்துல ஆபீஸ் ஐ.டி. கார்டு. மூட்டை தூக்குறவங்க, ஆட்டோ ஓட்டுறவங்க நிக்கிற வரிசையில நான் நின்னா என்ன நினைப்பாங்கன்னு ஒரு கூச்சம். அஞ்சாவது நாள் பசி ஜெயிச்சுது. வரிசையில யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. மே மாசம் பரீட்சை முடியற வரைக்கும் காலைல அங்கதான். அந்தப் பரீட்சைல பாஸ் பண்ணேன். அதே வருஷம் மதுரைக்கும் மத்த மாநகராட்சிகளுக்கும் அம்மா உணவகம் வந்துச்சு.

இப்போ 38,000 வாங்குற தம்பி அங்க சாப்பிடலாமான்னு கேட்டா, என் பதில் ரெண்டு பகுதி. மாசக் கடைசி, கையில காசில்ல, பட்டினியா கடனான்னு யோசிக்கிற நிலை. அப்போ ஒரு நிமிஷம்கூட கூச்சப்படாம போங்க. அங்க சம்பளச் சான்றிதழ் யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா தினமும் அங்க சாப்பிட்டு அந்தக் காசுல மியூச்சுவல் ஃபண்டு வாங்குறது என் திட்டத்துல வராது. அந்த இட்லி 1 ரூபாய்க்குத் தயாராகல. வித்தியாசத்தை மாநகராட்சி தாங்குது. அது தினக்கூலிக்காரருக்குச் சேர வேண்டியது. இதுல உங்களுக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம், கமெண்ட்ல சண்டை போடலாம்.

ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். வேலைக்கு ஆள் வேணும்னா அந்த ஆளுக்குக் கட்டுப்படியாகற சாப்பாடும் வேணும்னு எல்லாப் பெரிய ஊரும் ஒரு கட்டத்துல உணருது. பெங்களூருல 2017 ஆகஸ்ட்ல இந்திரா கேன்டீன் தொடங்குனப்போ காலை டிபன் 5 ரூபாய், சாப்பாடு 10 ரூபாய். அங்க நின்னுக்கிட்டே சாப்பிடற தர்ஷினி ஓட்டல்களும் அதே தேவையில வளர்ந்ததுதான். மேஜை, நாற்காலி, சர்வர் இல்ல, அதனால விலை கம்மி. சிங்கப்பூர்ல லிட்டில் இந்தியா தேக்கா சென்டர் மாதிரி ஹாக்கர் சென்டர்கள்ல கூலி வேலை செய்யறவரும் பேங்க் ஆபீசரும் பக்கத்துப் பக்கத்து மேஜையில சாப்பிடுறாங்க. அந்தக் கலாசாரத்தை 2020-ல யுனெஸ்கோ பட்டியல்லயே சேர்த்துட்டாங்க. கம்மி விலைக் கடையில சாப்பிடறது உங்க தகுதியைக் குறைக்காது.

நம்ம சென்னைல அந்த இடத்துல இருக்கறது மெஸ்தான். திருவல்லிக்கேணில காசி விநாயகா மெஸ் மாதிரி டோக்கன் வாங்கிட்டுக் காத்திருந்து சாப்பிடற இடங்கள் அந்த மேன்ஷன் பேச்சிலர்களை நம்பி வளர்ந்தவை. உங்க ஏரியாவிலயும் ஒண்ணு இருக்கும். போர்டு பெரிசா இருக்காது, ஆப்லயும் வராது. மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஆட்டோவும் டூவீலரும் எங்க கூட்டமா நிக்குதுன்னு பாருங்க. கூட்டம் இருக்கற கடையில சாதம் ஆறாது, குழம்பு நேத்தையதா இருக்காது. உள்ள போனா 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் மாட்டியிருக்காங்களான்னு ஒரு பார்வை பாருங்க.

தம்பிக்குப் போட்டுக் கொடுத்த திட்டம்

முதல் கேள்வி பி.ஜி. சாப்பாடு. ஏற்கெனவே காசு கட்டின சாப்பாட்டை விட மலிவான சாப்பாடு உலகத்துல இல்ல. 60 வேளைக்கு 2,500-ன்னா வேளைக்கு 42 ரூபாய்தான். வாயில வைக்க முடியற மாதிரி இருந்தா அதையே சாப்பிடு, இல்லன்னா அதை நிறுத்தி 7,000-க்கு மாறிடு, ரெண்டுல ஒண்ணு பண்ணுன்னேன். "முடியாதுண்ணே, அந்த சாம்பார்ல..."ன்னு ஆரம்பிச்சான். சரி, நிறுத்திட்டோம்.

ரெண்டாவது, காலை டிபன் கட்டாயம். ஆபீஸ் பஸ் ஏர்ற இடத்துல இருக்கற கடைல அஞ்சு இட்லியோ, ஒரு பொங்கலோ. பத்து நிமிஷம் முன்னாடி எந்திரிச்சா போதும்.

மூணாவது, மத்தியானம் ஆபீஸ் பக்கத்து மெஸ். மாச டோக்கன் எடுத்தா விலை கொஞ்சம் குறையும். ஆனா 30 நாளுக்கு எடுக்காதீங்க. லீவு, ஊருக்குப் போற நாள் எல்லாம் கழிச்சு, 10 நாள் 10 நாளா எடுங்க. கடை மூடினாலும் நஷ்டம் சின்னதா இருக்கும்.

நாலாவது, ராத்திரிச் சாப்பாட்டை சாயங்காலம் ஆறு மணிக்கே முடிவு பண்ணணும். ஷிப்ட் லேட்டானா ஆபீஸ்ல இருந்து கிளம்புறப்பவே வழியில பார்சல். பசி வர்றதுக்கு முன்னாடி முடிவு எடுத்தா விலை கண்ணுக்குத் தெரியும்.

அஞ்சாவது, நண்பர்களோட ஓட்டலுக்குப் போறதை நிறுத்தாதே. சென்னைல தனியா இருக்கற பையனுக்கு அந்த ஒரு நாள்தான் மனசுக்கு ஆறுதல். அதுக்கு ஒரு தொகை மட்டும் வச்சுக்கோ.

இப்போ கணக்கு:

- காலை டிபன்: 30 நாள் x 45 = 1,350
- வேலை நாள் மத்தியானம்: 22 x 80 = 1,760
- சனி, ஞாயிறு மத்தியானம்: 8 x 130 = 1,040
- ராத்திரி டிபன்: 24 x 70 = 1,680
- நண்பர்களோட ராத்திரி ஓட்டல்: 4 x 500 = 2,000
- டெலிவரி: 2 x 300 = 600
- டீ, காபி, பழம்: 30 x 30 = 900

மொத்தம் 9,330 ரூபாய். 90 வேளையும் சாப்பாடு உண்டு. ஒரு வேளைகூட விடல. பழைய 14,850-லிருந்து கழிச்சா 5,520 மிச்சம்.

வேளைக் கணக்குல பார்த்தா இன்னும் தெளிவா இருக்கும். டீ, காபியை விட்டுட்டு, முன்னாடி 70 வேளைக்கு 13,200. வேளைக்கு 189 ரூபாய். இப்போ 90 வேளைக்கு 8,430. வேளைக்கு 94 ரூபாய். விலை பாதியாச்சு, சாப்பாடு கூடிச்சு.

உங்க ஏரியாவுல விலை வேற மாதிரி இருக்கும். இந்தத் தொகையைக் காப்பி அடிக்காதீங்க. உங்க 90 வேளையை நீங்க எண்ணுங்க.

பில்லைப் படிக்கப் பழகுங்க

ஓட்டலுக்குப் போறப்ப மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, உட்கார்ந்ததும் "மினரலா, சாதாவா?"ன்னு கேப்பாங்க. கூட யார் இருந்தாலும் கூச்சப்படாம "சாதா தண்ணி"ன்னு சொல்லிப் பழகுங்க. தண்ணி நல்லா இருக்குமான்னு சந்தேகமா இருந்தா ரூம்ல இருந்தே பாட்டில்ல எடுத்துட்டுப் போங்க.

ரெண்டு, சர்வீஸ் சார்ஜ். இது வரி கிடையாது, அரசுக்குப் போகாது. இதைத் தானாகவே பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில வழிகாட்டுதல் கொடுத்துச்சு. 2025 மார்ச்ல டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செஞ்சுது. பில்லுல இருந்தா "இதை எடுத்துடுங்க"ன்னு மரியாதையா சொல்லுங்க. சர்வருக்குக் கொடுக்கணும்னு தோணினா அவர் கையில கொடுங்க.

மூணு, ஜி.எஸ்.டி. சாதாரண ஓட்டல்ல 5 சதவீதம். 2017 நவம்பர் 15 முதல் ஏ.சி. இருந்தாலும் இல்லாட்டியும் அதே 5 தான். காம்போசிஷன் திட்டத்துல இருக்கற சின்ன ஓட்டல்கள் வாடிக்கையாளர்கிட்ட வரி தனியா வாங்கவே கூடாது. அவங்க பில்லுலயே அந்த வாசகம் இருக்கணும். ஜி.எஸ்.டி. எண் அச்சடிக்காத பில்லுல வரின்னு ஒரு வரி இருந்தா, என்னன்னு கேளுங்க.

அப்புறம் உங்க கம்பெனில கேன்டீன் மானியம் இருக்கா, மீல் கார்டு தர்றாங்களான்னு எச்.ஆர்.கிட்ட ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. மீல் கார்டு தந்தா அதுக்கு வரிச் சலுகை உண்டா? அதையும் சேர்த்தே கேளுங்க.

மிச்சத்தை என்ன பண்றது?

5,000 ரூபாயை 12 சதவீதத்துல 30 வருஷம் போட்டா எவ்வளவுன்னு ஒரு பெரிய எண்ணைக் காட்டுவேன்னு நினைச்சீங்களா? மாட்டேன். தம்பிக்கு நான் சொன்னது, முதல் ஒரு வருஷம் எஸ்.ஐ.பி.யே வேண்டாம். மாசம் 5,000 ஆர்.டி. போடு. வருஷத்துல 60,000 அசல். அது உன் அவசர நிதி. வேலை போனாலும், உடம்பு படுத்தாலும், உங்க அப்பா யார்கிட்டயும் கைமாத்து வாங்கிட்டு பஸ் ஏறி வர வேண்டாம். அதுக்கு அப்புறம் எஸ்.ஐ.பி.

உண்மையைச் சொல்லணும்னா, முதல் மாசம் அவனுக்கு 9,330 வரல. 10,600 ஆச்சு. ஆறு தடவை ஆப்ல வாங்கிட்டான், ஒரு பிறந்தநாள் ட்ரீட் வந்துச்சு. "அண்ணே, திட்டம் பெயில் ஆயிடுச்சுண்ணே"ன்னு போன் பண்ணான். 14,850-லிருந்து 10,600-க்கு வந்தது பெயிலா? 4,250 ரூபாய் மிச்சம்டான்னு சொன்னேன். "எத்தனை வேளை விட்ட?"ன்னு கேட்டேன்.

"மூணுதான்ணே. காலைல சாப்பிட ஆரம்பிச்சதுல இருந்து ராத்திரி அந்தக் கொலைப் பசி இல்லண்ணே."

எனக்கு அந்த 4,250-ஐ விட இந்த "மூணு"தான் பெருசா தெரிஞ்சுது. இருபதாம் தேதி தாண்டியும் அம்மாகிட்ட பணம் கேக்கல. சித்தி எனக்குப் போன் பண்ணி, "என்னப்பா, பிள்ளை காசே கேக்க மாட்டேங்குறான், சாப்பிடறானா இல்லையா?"ன்னு பயந்துட்டாங்க. சாப்பிடறான் சித்தி, இப்பத்தான் ஒழுங்கா சாப்பிடறான்னு சொன்னேன்.

இந்த வாரக் கடைசில ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. போன மாச ஸ்டேட்மெண்டை எடுத்து, தொகையை எண்றதுக்கு முன்னாடி வேளையை எண்ணுங்க. 90-ல எத்தனை வருதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. உங்க ஏரியாவுல நல்ல மெஸ் தெரிஞ்சா அதையும் எழுதுங்க. புதுசா ரயில் ஏறி வர்ற நம்ம ஊர்ப் பையனுக்கோ பொண்ணுக்கோ உதவும்.

காலைல சாப்பிட்டுட்டு வேலைக்குப் போங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்.